தெரியாதவன் போல நடித்தேன்

வீட்டு வேலை எனக்கு வராது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்தேன். அது பொய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நண்பர்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தபோது சமைத்திருக்கிறேன், பாத்திரம் தேய்த்திருக்கிறேன், வாளியில் துணியை ஊறவைத்துத் துவைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒருத்தி வந்ததும் எல்லாம் மறந்துபோனது போல நடந்துகொண்டேன்.

எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் கழுவச் சொன்னால் குக்கர் மூடியின் கேஸ்கட்டைக் கழற்றாமல் கழுவி வைப்பேன். மிக்ஸி ஜாரில் பிளேடுக்கு அடியில் சட்னி ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியும்; அப்படியே விட்டுவிடுவேன். துணி காயப்போடச் சொன்னால் உதறாமல் கொடியில் போடுவேன். அவள் பொறுமையாகச் சொல்லித்தருவாள். மறுபடியும் அதே மாதிரி செய்வேன். ஒருநாள் அலுத்துப்போய், "விடுங்க, நானே பண்ணிக்கிறேன்" என்பாள். அதற்காகத்தான் நான் காத்திருந்தேன். அவள் அப்படிச் சொன்ன பிறகு அந்த வேலை என்னிடம் திரும்பி வராது. கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு வரை உட்கார்ந்து கண்டுபிடிப்பேன். வீட்டில் நான் செய்தது தெரிந்தே செய்தது.

ஈபி பில் கட்டுவேன், கேஸ் புக் பண்ணுவேன், பல்பு மாற்றுவேன். இவையெல்லாம் எப்போதாவது வருபவை, செய்தால் முடிந்துபோகிறவை, செய்தேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளக்கூடியவை. இன்று செய்தாலும் நாளைக் காலையில் மறுபடி வந்து நிற்கிற வேலைகளைத்தான் அவளிடம் தள்ளினேன். அவற்றுக்கு என் வாயில் ஒரே பெயர், 'போர்'. பாத்திரம் தேய்க்கிறது போர், துணி மடிக்கிறது போர் என்று பிள்ளைகள் எதிரிலேயே சொல்வேன். அவளும் வேலைக்குப் போனவள்தான். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்று பாடம் நடத்திவிட்டு வந்து, பையை வைத்த கையோடு உளுந்து களைவாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அவளுக்கும் அது அலுக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள், அப்புறம் நான் எழுந்துபோக வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லை.

மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-இல் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. ஆறு வயது தொடங்கி வீட்டில் இருப்பவர்கள் முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து 24 மணி நேரமும் என்ன செய்தார்கள் என்று அரைமணி அரைமணியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஒரு நாளில் பெண்கள் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 97 என்பதைப் பார்த்ததும் ஆண்கள் அவ்வளவு மோசமில்லை என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. பிறகு அட்டவணையைச் சரியாகப் படித்தேன். அன்றைக்கு ஏதாவது வீட்டு வேலையில் கைவைத்தவர்களுக்கு மட்டுமான சராசரி அது. அப்படிக் கைவைத்த ஆண்கள் 26.1 சதவீதம்; பெண்கள் 81.2 சதவீதம். அந்த 97 நிமிடம் மற்ற ஆண்களுடையது. என்னுடையது பூஜ்யம். 2024-இல் மறுபடியும் அதே ஆய்வு நடந்தது. பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. இடைவெளி 202 நிமிடமாக இருந்தது, இப்போது 201.

நாளைக்கு மாவு இருக்கிறதா, எண்ணெய் எத்தனை நாள் வரும், மகனின் யூனிஃபார்ம் காய்ந்ததா என்று ராத்திரி படுத்த பிறகும் என் மனைவியின் மனதில் ஓடிக்கொண்டிருந்ததை எந்த அரைமணியில் எழுதுவது? அதில் எனக்குப் பங்கே இருந்ததில்லை.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு சொன்னார். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த உழைப்பும் சேர்ந்துதான் சொத்து வந்தது, அதனால் அதில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றது தீர்ப்பு. செய்தியைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். என் பெயர் மட்டும் இருந்தது. வீட்டுக் கடன் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அவள் சம்பளம் மளிகைக்கும் பிள்ளைகள் ஃபீஸுக்கும் போனது. பத்திரத்தைத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டேன். இன்றுவரை மாற்றி எழுதவில்லை.

இதையெல்லாம்விட என்னை அதிகம் உறுத்துவது மகன் விஷயம். மகளைத் தட்டு எடுத்துவைக்கச் சொல்வோம், அவனைச் சொன்னதில்லை. மனைவி சொல்ல வாயெடுத்தாலும், "அவன் படிக்கட்டும் விடு" என்று தடுத்தது நான்தான். அவனுக்குக் கல்யாணமாகி, போன தீபாவளிக்கு இருவரும் வந்திருந்தார்கள். சாப்பிட்ட இடத்திலேயே தட்டை வைத்துவிட்டு அவன் எழுந்துபோனான். மருமகள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்: "அத்தை, இவருக்கு ஒண்ணுமே பழக்கலையா நீங்க?" என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் வாழ்நாளெல்லாம் செய்த வேலை போதாதென்று, நான் செய்யாததற்கான பழியும் அவள் மேல் விழுந்தது. விழட்டும் என்று சும்மா இருந்தேன்.

ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது பாத்திரமும் துணியும் என் பொறுப்பு. கேஸ்கட்டைக் கழற்றித்தான் கழுவுகிறேன். உளுந்து ஊறவைக்க வேண்டும் என்பது மட்டும் அவள் சொன்ன பிறகுதான் இன்னும் ஞாபகம் வருகிறது. மகனும் மருமகளும் பொங்கலுக்கு வருகிறார்கள். என் மனைவி எதிரிலேயே, மகனும் கேட்கும்படி மருமகளிடம் சொல்ல வேண்டும்: "உங்க அத்தை பழக்கத்தான் பார்த்தாம்மா. விடாதது நான்."