பகிடிவதையும் சட்டத்தின் எல்லையும்

பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புதுமுக மாணவர் விடுதிகளுக்கு வந்து சேரும் நாளன்று, கலகா வீதியின் மரநிழலில் ஆண்டுதோறும் ஒரே காட்சி தோன்றும். புதிய பயணப்பெட்டியும் தலையணையும் பிளாஸ்திக் வாளியும் சுமந்து பெற்றோரும் பிள்ளைகளும் நடந்து செல்வர். அண்மையில் அவ்வாறு வந்தோருள் மலையகப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் இருந்தார். விடுதி வாசலில் அவர் மகனுக்கு இறுதியாகக் கூறிய புத்திமதி ஒன்றே: எவரேனும் வதை செய்தால் தயங்காது பொலிசில் முறையிட வேண்டும். மகன் சற்று நேரம் நிலத்தைப் பார்த்திருந்துவிட்டு, “முறைப்பாடு செஞ்சா, அதுக்குப் பிறகு நான் யாரோட இருந்து படிக்கிறது அப்பா?” என்று கேட்டான். தந்தைக்கு மறுமொழி வரவில்லை.

அவ்வினாவை அச்சத்தின் வெளிப்பாடு என்று மட்டும் கொண்டு தள்ளிவிடல் தகாது. குற்றவியல் நீதியை நடத்தும் பொலிஸ், நீதிமன்றம், சிறைச்சாலை ஆகிய மூன்றும் எவ்விடத்தில் நின்றுவிடுகின்றன என்பதை அது சுட்டுகின்றது.

சட்டம் இல்லை என்று எவரும் கூற இயலாது. 1975 இல், பேராதனை விவசாய பீட மாணவி ஒருவர் பகிடிவதைக்குத் தப்பும்பொருட்டு இராமநாதன் விடுதியின் இரண்டாம் மாடியிலிருந்து குதித்தார். முடமாகி, 2002 இல் மறைந்தார். 1997 இல் அதே வளாகத்தின் பொறியியல் பீட முதலாண்டு மாணவர் ஒருவர், அளவுக்கு மீறிய உடற்பயிற்சி செய்விக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். மறு ஆண்டிலேயே, கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் வேறு வன்முறைகளையும் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுகள் வரையும், அதனாற் பாரதூரமான காயம் விளையின் அல்லது பாலியல் தொல்லை நிகழின் பத்து ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கின்றது. குற்றவாளியான மாணவரை நிறுவனத்திலிருந்து நீக்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம்.

இத்துணைக் கடுமையான சட்டம் வந்த பின்னரும் வழக்கம் ஒழியவில்லை. 2002 இல் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்திற் பகிடிவதையை எதிர்த்து நின்ற மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். 2025 இல் சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் உயிரிழந்ததையடுத்து மீண்டும் கைதுகள் நிகழ்ந்தன.

காரணம் யாது? இத்தாலியரான பெக்காரியா, 1764 இல் வெளியான தமது நூலில், குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமையன்று, அதன் நிச்சயமே என்று வாதிட்டார். அந்நிச்சயத்தை அரசு தனித்து உண்டாக்க முடியாது. முறைப்பாடு இன்றேற் பொலிஸ் அறியாது. சாட்சி இன்றேல் நீதிமன்றம் தீர்க்காது. குற்றவாளியைத் தோழர்கள் வீரனாகக் கொண்டாடின் சிறை அவனுக்கு இழிவாகாது. இம்மூன்றையும் வழங்க வேண்டியது சமூகமே. அது கையை மூடிக்கொண்டால் நீதி நிறுவனங்கள் நீரில்லாக் கிணற்றிற் கயிறும் வாளியும் போலாகிவிடும்.

இதனினும் ஆழமான இடர் ஒன்றுண்டு. பகிடிவதை ஒழுங்கீனத்தின் விளைவு என்று பலர் எண்ணுவர். உண்மையில் அது ஓர் ஒழுங்கு. உடை இன்னது, பெயர் இன்னது, பேச்சு இன்னது என அது விதிக்கின்றது. மீறுவோரை அன்றிரவே விசாரித்துத் தண்டிக்கின்றது. பிணையுமில்லை, தவணையுமில்லை. அதன் பெருந்தண்டனை அடியன்று, தனிமையே. வதைக்கு உடன்படாதவருடன் சக மாணவர் பேசார். மூத்த மாணவர் நடத்தும் ‘குப்பி’ வகுப்பிலே அவருக்கு இடம் கிடையாது. பழைய குறிப்புகள் கைக்கு வாரா. விளையாட்டிலும் விழாவிலும் அவர் புறத்தே நிற்பார். ஆண்டுகள் பல சென்று தீர்ப்பு வழங்கும் மேல் நீதிமன்றம் ஒருபுறமும், ஓரிரவிலே தீர்ப்பு வழங்கும் விடுதி மறுபுறமும் நிற்க, பத்தொன்பது வயது இளைஞன் எதற்கு அஞ்சுவான்?

சாட்சிகளைப் பாதுகாக்க 2015 இல் ஒரு சட்டம் வந்தது. 2023 இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. அச்சுறுத்துவோரிடமிருந்து காக்க அவை உதவலாம். உணவு மேசையில் அருகே ஒருவரும் வந்தமராத நிலையிலிருந்து எந்தச் சட்டமும் காக்காது.

அவ்வாறாயின் விடுதிகளிற் பொலிசாரை நிறுத்தினால் என்ன என்று கேட்பாருமுளர். பேராதனையின் நினைவு அதற்கு இடந்தராது. 1976 நவம்பரில் அவ்வளாகத்திலே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் ஒருவர் உயிரிழந்தார். துவக்கோடு நுழையும் காவல் மாணவரை ஒன்றுபடுத்தும். அவ்வொற்றுமை வதைத்தவனையும் தன்னுள் மறைத்துக்கொள்ளும்.

வள்ளுவர் இதனை உணர்ந்தே போலும், முறைசெய்யும் செங்கோன்மையை அரசியலில் வைத்து, நாணுடைமையை ஒழிபியலில் வைத்தார். முன்னது ஆள்வோர் கடன். பின்னது மாந்தர் இயல்பு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. அவுஸ்திரேலியக் குற்றவியலாளர் ஜோன் பிரெய்த்வெயிட் 1989 இல் ஏறத்தாழ இதனையே வேறு மொழியில் விளக்கினார். தன்னை மதிப்போர் முன்னிலையில் நாணுபவனே திருந்துவான். அந்நாணம் அவனை ஒதுக்கித் தள்ளுவதாயன்றி மீண்டும் சேர்த்துக்கொள்வதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரு மாணவன் மதிப்பது நீதவானையன்று, தன் வகுப்புத் தோழரையே. ஆகவே அவனை நாணச் செய்யும் வல்லமையும் அவர்களிடமே உள்ளது.

தமிழ் மாணவர்க்கு இதில் தனிப் பொறுப்பொன்றுண்டு. 1983 இன் வன்செயல்களுக்குப் பதினான்கு ஆண்டுகளின் பின், 1997 இல் இறந்தவர் தமிழர். முதன்மையாகக் குற்றஞ்சாட்டப்பட்டவரும் தமிழரே. பிறர் கொடுமைக்குச் சாட்சி தேடிய சமூகம் தன் அறையினுள் நிகழ்ந்ததற்குச் சாட்சியாக நின்றதா என்ற வினா இன்னும் எஞ்சியிருக்கின்றது. ஒரு மாணவர் சங்கத்துக்குக் கைதுசெய்யும் அதிகாரமில்லை. எனினும், எவரை மேடையேற்றுவது, எவரைக் குழுவிற் சேர்ப்பது, ஒதுக்கப்பட்டவனுக்கு எவர் குப்பி நடத்துவது என்பன அதன் கையிலேயே உள்ளன. சட்டம் எட்டாத தூரத்தை அச்சிறு செயல்கள் எட்டக்கூடும்; அவை இருப்பின் சட்டமும் தன் வேலையைச் செய்ய இயலும்.

விடுதி வாசலில் மறுமொழியின்றி நின்ற ஆசிரியர், புறப்படுமுன் மகனை மீண்டும் அழைத்தார். முன்னர் தாம் பயின்ற வேறொரு வளாகத்தில், ஓரிரவு பக்கத்து அறையிலே புதியவன் ஒருவன் அழுததையும், தாம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டதையும் அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார்.

“பொலிசுக்குப் போறது பிறகு. பக்கத்து அறையில சத்தம் கேட்டா எழும்பிப் போய்க் கதவைத் தட்டு. நான் தட்டல்ல.”

மகன் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பின்னர், பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே சென்றான்.