ஊசியும் உள்ளமும்

அழுகை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியது என்பது நம் நாட்டின் எழுதாச் சட்டம். செத்த வீட்டிலே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பர். ஆண்கள் முற்றத்துப் பந்தலின் கீழே கதிரைகளில் அமர்ந்து, வெற்றிலை போட்டபடி சுடலைக் காரியங்களைப் பற்றிப் பேசுவர். கண்ணீரையே வழியாகக் கொண்டு இறைவனடி சேர்ந்தவர் என்று மணிவாசகப் பெருமானைப் போற்றும் சைவ மக்கள்தாம் நாம். எனினும், கோயில் வீதியிலே நாம் மதிக்கும் ஆண்மகனின் கண்ணீரை வீட்டு விறாந்தையிலே காண நம் மனம் இடந்தருவதில்லை. நோயுற்ற முதியவர் வாழும் வீட்டில் இந்தச் சட்டம் எத்தகைய துன்பத்தை விளைக்கும் என்பதை என் தந்தையாரின் நோயின்போது கண்டேன். அவருடைய சம்மதத்துடனேயே இதனை எழுதுகிறேன்.

ஐயாவுக்கு இப்போது வயது 76. கோப்பாய்ச் செம்மண்ணிலே புகையிலையும் வெங்காயமும் மரவள்ளியும் செய்து எங்களைப் படிப்பித்தவர். அதிகம் பேசமாட்டார், அழுது நாம் கண்டதேயில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, கட்டிநின்ற மாட்டை அவிழ்த்துவிட்டு, கதவைப் பூட்டித் திறப்பை மடியிலே செருகிக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி எங்களுக்கு முன்னே நடந்தவர். அன்றும் அவர் கண் கலங்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இரவிலே பலமுறை சலத்துக்கு எழும்புவதும் முதுகு நோவும் அவரை வருத்தின. இரத்தம் சோதித்து, தசைத் துண்டெடுத்துச் சோதித்து, புரொஸ்ரேற் சுரப்பியிலே புற்றுநோய் என்றும் அது எலும்பிலும் பரவியிருக்கிறது என்றும் வைத்தியர்கள் கூறினர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி. புரட்டாதி மாதத்தில் முதலாவது ஊசி போடப்பட்டது. தம்முடன் எவரும் வைத்தியரின் அறைக்குள் வருவதை ஐயா விரும்பவில்லை. வெளியே வந்து, "ஊசி போட்டாச்சு" என்றார். வைத்தியர் சொன்ன ஏனைய விடயங்களெல்லாம் அவர் நெஞ்சோடு நின்றுவிட்டன.

இந்த ஊசி செய்யும் வேலையை அறிந்தாலன்றி, பின்னர் நேர்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இயலாது. புரொஸ்ரேற் சுரப்பி ஆண்களுக்கு மட்டும் உரியது. சலப்பைக்குக் கீழே இருப்பது. அதிலே தோன்றும் புற்றுநோய், விதைகளிலே பெரும்பாலும் சுரக்கின்ற டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண் ஓமோனை உண்டு வளர்வது. அந்த உணவைத் தடுத்தால் நோய் ஒடுங்கும் என்பதை 1941ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் ஹக்கின்ஸ் என்னும் சத்திர வைத்தியரும் அவருடைய துணைவர்களும் காட்டினர். அதற்காக அவருக்கு 1966இல் நோபெல் பரிசு கிடைத்தது. அக்காலத்திலே விதைகளை அகற்றுவது ஒரு வழி. பெண் ஓமோனைக் கொடுப்பது மற்றொரு வழி.

இன்று ஊசியே பெருவழக்கு. மூளையின் அடிப்பாகத்திலே பிறக்கும் சிறிய ஓமோன் ஒன்று கபச்சுரப்பியைத் தூண்ட, கபச்சுரப்பி விதைகளைத் தூண்டுகிறது. அந்தச் சிறிய ஓமோனின் அமைப்பை 1971இல் வெளியிட்ட குழுவின் தலைவர் அன்ட்ரூ ஷாலி 1977இன் நோபெல் பரிசிலே பங்கு பெற்றார். இன்று பெரிதும் வழங்கும் ஊசி மருந்துகள் அதனைப் போலச் செய்யப்பட்டவை. படலையிலே நின்று ஒருவர் ஓயாது கூப்பிட்டுக்கொண்டிருந்தால், வீட்டுக்காரர் முதலிலே ஓடிவந்து, பின்னர் காது கொடாமலே விட்டுவிடுவாரன்றோ? அவ்வாறே கபச்சுரப்பியும் முதலிற் சில நாட்கள் கிளர்ந்து, பின்னர் அடங்கிப்போகிறது. ஆண் ஓமோன் மிகக் குறைகிறது. புற்றுநோய் பட்டினி கிடக்கிறது. இது பல்லாயிரம் ஆடவரின் வாழ்நாளை நீட்டிய நல்ல மருந்து என்பதில் ஐயமில்லை.

ஆனால், அந்த ஓமோன் புற்றுநோய்க்கு மட்டும் உணவன்று. தசைக்கும் எலும்புக்கும் உறுதி தருவதும், இல்லற வேட்கையை எழுப்புவதும், மனத்தின் உற்சாகத்திலே ஒரு பங்கு கொள்வதும் அதுவே. அது வற்றும்போது உடல் சோர்கிறது, வயிறு பருக்கிறது, சிலருக்கு மார்பு வீங்கி நோகிறது, திடீரென உடலெங்கும் அனல் பரந்து வியர்க்கிறது. அதனோடு மனமும் நிலை குலைகிறது. காரணமில்லாத கண்ணீர், காரணமில்லாத கோபம், எதிலும் பற்றின்மை என இவை மாறி மாறி வரலாம்.

எங்கள் வீட்டில் நேர்ந்தது இதுதான். ஐப்பசி கழிவதற்குள் ஐயாவின் குணம் மாறியது. சொதியிலே உப்புக் குறைந்தது என்று கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்தார். சற்று நேரத்தில் கிணற்றடியிலே நின்று கண்ணைத் துடைத்தார். பேத்தி பள்ளிக்கூடத்திலே படித்த பாட்டொன்றைப் பாடிக் காட்ட, தேம்பினார். கன்று விற்ற அன்று சாப்பிடவில்லை. யாராவது என்னவென்று கேட்டால், "ஒண்டுமில்லை, கண்ணுக்கை தூசி" என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அம்மாவோடு ஒரே அறையிலே படுத்தவர், ஒருநாள் காரணம் எதுவும் கூறாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார்.

அம்மா எவரிடமும் முறையிடவில்லை. ஆயினும் அவருடைய முகம் கறுத்தது. தாம் என்ன குற்றம் செய்தோம் என்று எண்ணி எண்ணி நலிந்தார். ஐயாவோ வேறொன்றை எண்ணி நலிந்தார் என்பது பின்னரே தெரிந்தது. தமக்கு மூளை பிசகிவிட்டது, நோய் தலைக்கு ஏறிவிட்டது, அதனைப் பிள்ளைகள் அறிந்தால் பயந்துவிடுவார்கள் என்பது அவருடைய அச்சம். கணவன் மனைவியை வெறுக்கிறான் என்று மனைவியும், தான் பைத்தியமாகிறேன் என்று கணவனும் ஒரே கூரையின் கீழே தனித்தனியே நம்பிக்கொண்டிருந்தனர்.

மார்கழி மாதம், திருவெம்பாவைக் காலம். கூதற் காற்று வீசும் நள்ளிரவிலே கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டு அம்மா எழுந்தார். விறாந்தையிலே பாய் வெறுமையாகக் கிடந்தது. ஐயா அண்மைக்காலமாக இருந்த இருப்பை நினைத்து அவருக்கு நெஞ்சு பதறியது. ரோச் லைற்றையும் எடுக்க மறந்து இருளிலே ஓடினார். அங்கே ஐயா மேற்சட்டையின்றிக் கட்டிலே நின்று, தலையிலே தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் கையைப் பற்றினார். நெஞ்சிலே கை வைத்துப் பார்த்தார். குளிர்ந்த நீரையும் மீறி உடல் கொதித்தது. "நெஞ்சுக்குள்ளையிருந்து அனல் மாதிரி ஏறுது. பிறகு வேர்த்துக் கொட்டுது. உன்ரை நித்திரையைக் குழப்பக்கூடாதெண்டுதான் வெளியிலை படுத்தனான்" என்றார் ஐயா.

அம்மாவுக்கு அந்தக் கணமே விளங்கிற்று. "இது எனக்குத் தெரியும். ஐம்பது வயதிலை எனக்கும் இப்பிடித்தான் எரிஞ்சது. அடுப்படிக்குள்ளை நிண்டு எத்தினை நாள் அழுதிருப்பன்" என்றார்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களோ?"

மறுநாள் அம்மா இதனைக் கூறியபோது சிரித்துக்கொண்டே கூறினார்; எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதவிடாய் நிற்கும் பருவத்திலே நம் வீட்டுப் பெண்கள் அனுபவிக்கும் அனலும் கண்ணீரும் சினமும் ஓமோன் குறைவதால் நேர்பவையே. ஊசி போட்ட ஆடவருக்கு நேர்வதும் அதனோடு ஒத்ததே. பெண்களிடம் அதனைக் "குணம் மாறிவிட்டது" என்று கூறி ஒதுக்கினோம். ஆண்களிடமோ அது நேரும் என்பதையே அறியாதிருக்கிறோம். அம்மா பெற்ற அறிவு ஒருவர் பரிவும் இன்றி அடுப்படியிலே பெற்ற அறிவு. ஐயாவை அன்று ஆற்றியது அதுதான்.

அடுத்த முறை அம்மாவும் கூடப் போனார். இது ஊசியினால் வருவதே, பலரும் சொல்ல வெட்கப்படுகிறார்கள் என்று வைத்தியர் பொறுமையோடு விளக்கினார். அதன் பின்னர் நானும் சில நூல்களையும் ஆய்வுகளையும் தேடிப் படித்தேன். அமெரிக்காவிலே 65 வயதுக்கு மேற்பட்ட, நோய் தூரத்து உறுப்புகளுக்குப் பரவாத 78,000க்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வொன்று, மூன்று ஆண்டுகளுக்குள் மனச்சோர்வு நோய்க்கு உள்ளானோர் இச்சிகிச்சை பெற்றவர்களிலே நூற்றுக்கு 7.1 பேர் என்றும், பெறாதவர்களிலே 5.2 பேர் என்றும் கணக்கிட்டது. எல்லோருக்கும் இது நேர்வதில்லை. ஆனால் நேர்பவர் புறக்கணிக்கத்தக்க சிலரும் அல்லர். இக்கணக்கு வைத்தியர் பெயரிட்டுப் பதிந்த நோயை மட்டுமே கூறுவது. கிணற்றடியிலே துடைக்கப்படும் கண்ணீர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கனடா நாட்டிலே றிச்சட் வாசர்சக் என்னும் உயிரியற் பேராசிரியர், தாமே இச்சிகிச்சைக்கு உட்பட்டுத் தம் உடலிலும் உள்ளத்திலும் கண்ட மாற்றங்களை ஒளிக்காமல் எழுதியவர். நோயாளரும் அவர் துணைவரும் படித்துப் பயன்கொள்வதற்கென வேறு அறிஞர்களோடு சேர்ந்து வழிகாட்டி நூலொன்றும் ஆக்கினார். மருந்து ஒருவரின் உடலிலே ஏறினாலும் அதன் விளைவு இருவரின் வாழ்விலே விழுகிறது என்பதை அறிந்தே அவ்வாறு செய்தார்கள்.

நம் குடாநாட்டாருக்கு இன்று ஒரு வசதி உண்டு. 2011ஆம் ஆண்டிலே தெவுந்தரையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து திரட்டிய பணத்தைக் கொண்டு தெல்லிப்பழையிலே எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013இலே திறக்கப்பட்டது. மகரகமைக்கு இரவு முழுவதும் பயணஞ் செய்து, தங்க இடமும் பேசச் சிங்களமும் இன்றித் தவித்தோர் பலர். இன்று உரும்பிராய், மருதனார்மடம், சுன்னாகம் எனக் காலையிலே புறப்பட்டால் மதியச் சோற்றுக்கு வீடு திரும்பலாம். துணையாக மனைவியை அழைத்துச் செல்வதற்குத் தூரம் தடையன்று. தடையாய் இருப்பது நம் கூச்சமே.

ஆகவே, இத்தகைய நோயாளர் உள்ள வீட்டாருக்குச் சில கூறுவேன். முதலாவது ஊசிக்கு முன்னரே கணவனும் மனைவியும் ஒன்றாக வைத்தியர் முன்பு அமருங்கள். இல்லறத்திலே வரும் மாற்றத்தையும் வெளிப்படையாகக் கேளுங்கள். வேட்கை குறைவது அன்பு குறைவதன்று என்பதை இருவரும் அறிந்திருத்தல் வேண்டும். ஊசித் திகதியைக் கலண்டரில் குறிக்கும்போது, அனலும் கண்ணீரும் வந்த நாட்களையும் குறித்துவையுங்கள். வைத்தியருக்கு அது உதவும். நாள்தோறும் நடப்பதும், வைத்தியர் அனுமதிக்கும் தேகப்பயிற்சியும் சோர்வையும் மனப்பாரத்தையும் குறைப்பதோடு தசையையும் எலும்பையும் காக்கும். பருத்தி உடையும் அருகிலே ஒரு விசிறியும் நன்று. சூடான தேநீரும் உறைப்பும் அனலைக் கிளறுமாயின் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாக உறக்கமும் உணவும் கெட்டு எதிலும் நாட்டமின்றி ஒருவர் இருந்தாலும், வாழ்ந்தென்ன என்ற பேச்சு ஒருமுறையேனும் எழுந்தாலும், தாமதியாமல் வைத்தியரிடம் கூறுங்கள். அதற்கு மருந்தும் உண்டு, ஆலோசனையும் உண்டு. ஊசியை மட்டும் தாமாக நிறுத்திவிடலாகாது.

ஐயாவின் பாய் மறுபடியும் அறைக்குள் வந்துவிட்டது. பனையோலை விசிறி ஒன்று அம்மாவின் தலைமாட்டிலே கிடக்கிறது. கண்ணீர் நின்றுவிட்டது என்று கூறமாட்டேன், இப்போதும் வருகிறது. வந்தால் அவர் எழுந்து போவதில்லை.

சென்ற மாதம் இருபாலையிலே அவருக்குப் பழக்கமான ஒருவருக்கு இதே ஊசி தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டார். நோயைப் பற்றி ஊரார் வாய்திறவாத வழக்கத்தை மீறி, மாலையிலே சைக்கிளை எடுத்துக்கொண்டு தாமே போனார். நானும் உடன் சென்றேன். அந்த மனிதர் தலைகுனிந்தபடி இருந்தார். அவருடைய மனைவி கதவு நிலையிலே நின்றார். ஐயா இருவரும் கேட்கும்படி, "அழுகை வரும், கோபம் வரும். அது உம்மடை குணமில்லை, ஊசியின்ரை வேலை. வந்தால் மனுசியிட்டைச் சொல்லும்" என்றார்.

அந்த அம்மையார் உள்ளே போய், எங்கள் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கணவருக்குப் பக்கத்திலே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.