திறவுகோலும் கதவும்

அன்னாசி விளைச்சலால் பெயர்பெற்ற பெக்கான் நானாஸில், ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், ஒரு சிறு வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தேன். வாடகை தவறியதில்லை, எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை. ஒருநாள் பள்ளி முடிந்து வந்தபோது, தாயார் முகம் வாடி அமர்ந்திருந்தார். வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல், தம்மிடமிருந்த திறவுகோலால் திறந்து உள்ளே வந்து பார்வையிட்டுச் சென்றாராம். தாயார் அப்போதுதான் குளித்து ஈரக் கூந்தலுடன் நின்றிருக்கிறார். “இது நம்ம வீடு இல்லையாப்பா?” என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

விடையைப் பின்னரே கற்றேன். வாடகை என்பது சுவருக்கும் கூரைக்கும் மட்டும் தரும் விலையன்று; இடையூறின்றி அமைதியாக வாழும் உரிமையும் அதனுள் அடங்கும். தீ, குழாய் உடைப்பு போன்ற அவசரம் நேர்ந்தாலன்றி, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவரை, உரிமையாளரும் முன்கூட்டிச் சொல்லி இசைவு பெற்றே நுழைதல் வேண்டும். வாடகைக் காலம் முடிந்த பின்னரும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை மீட்க நீதிமன்றத்தையே நாடவேண்டும் என்கிறது, நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு.

இன்று எனக்கும் ஒரு வீடு உண்டு. அதில் ஓர் இளம் ஆசிரியை குடியிருக்கிறார். பழுதுற்ற சாளரத்தைப் பார்க்கச் சென்ற மாதம் போனேன். வீட்டில் எவருமில்லை, திறவுகோலோ என் சட்டைப்பையில். கை பூட்டுவரை சென்றது. அன்றைய தாயாரின் முகம் நினைவில் எழுந்தது. திரும்பிவிட்டேன், எந்நாள் வரலாம் என அவரையே கேட்டேன்.

வாடகை வீடு தேடும் இளம் ஆசிரியர்களே, ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுங்கள். வீட்டுக்காரர் எப்போது, எவ்வாறு உள்ளே வரலாம் என்பதையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.