ஊசிக்கு முன்னால் பேச வேண்டியது

எக்ஸ்ரே அறையில் கதிர் இயந்திரத்திலிருந்து வருகிறது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் நின்றுவிடும். அணு மருத்துவத் துறையில் ஐசோடோப் கலந்த மருந்து ரத்தத்தில் ஏறிய நொடியிலிருந்து நோயாளியே கதிரின் ஊற்றாகிவிடுகிறார். எலும்பு ஸ்கேனுக்கு ஏற்றும் டெக்னீஷியம் 99எம் பாதியாகக் குறைய 6 மணி நேரம் ஆகும். புற்றுநோய்க்கான பெட் ஸ்கேனில் பெரும்பாலும் பயன்படும் ஃப்ளோரின் 18க்கு 110 நிமிடம். நடுவில் யாரும் அதை அணைக்க முடியாது. அதனால்தான், இந்தத் துறையில் வேலை செய்யும் டெக்னாலஜிஸ்ட்டின் திறமை முதலில் வெளிப்படுவது ஊசி போடுவதற்கு முன் அவர் நோயாளியோடு பேசும் பேச்சில் என்று நினைக்கிறேன். நேரம் இருந்தால் செய்யலாம் என்று பல இடங்களில் ஒதுக்கி வைக்கப்படும் அந்தப் பேச்சு, ஸ்கேனின் தொழில்நுட்பத்திலேயே ஒரு பகுதி.

பெட் ஸ்கேனையே எடுத்துக்கொள்வோம். அதில் ஏற்றும் எஃப்டிஜி என்ற மருந்து குளுக்கோஸைப் போலவே செல்களுக்குள் நுழையும். புற்றுக்கட்டி சர்க்கரையை வேகமாக இழுப்பதால் படத்தில் ஒளிர்கிறது. ஆனால் சர்க்கரையை இழுப்பது கட்டி மட்டும் அன்று. முந்தின நாள் மூட்டை சுமந்தவரின் தோள் தசையும், ஏசி குளிரில் நடுங்கியவரின் கழுத்துக் கொழுப்பும், ஊசிக்குப் பிறகு உறவினரோடு பேசிக்கொண்டே இருந்தவரின் குரல்வளையும் ஒளிரும். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தால் மருந்து தசைகளுக்குப் போய்விடும். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவருக்குக் குடல் பளிச்சென்று தெரியும். வெறும் வயிற்றில் வரச் சொன்னால், ‘ஒண்ணும் சாப்பிடல, டீ மட்டும்தான் குடிச்சேன்’ என்று நம் ஊரில் மனதார உண்மையாகவே சொல்வார்கள். டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பவர் குறைவு. அந்த டீயில் சர்க்கரை இருந்ததா என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும். அச்சடித்துக் கொடுக்கும் அறிவுரைத் தாளே போதாதா என்றால், தாள் சொல்லும், திருப்பிக் கேட்காது. படத்தைப் படிக்கும் மருத்துவருக்கு எது நோய், எது நேற்றைய உழைப்பு என்று பிரித்துக் காட்டும் தகவல் இந்தக் கேள்விகளிலிருந்தே கிடைக்கிறது.

டெக்னாலஜிஸ்ட்டின் சொந்தப் பாதுகாப்பும் இதே பேச்சைத்தான் நம்பியிருக்கிறது. எக்ஸ்ரே பிரிவில் அணியும் ஈய ஏப்ரன், ஃப்ளோரின் 18 வெளிவிடும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரை ஏறக்குறைய அப்படியே உள்ளே விட்டுவிடும். மருந்தைத் தடித்த ஈயத்துக்குள்ளும் டங்ஸ்டன் உறைக்குள்ளும் வைக்கலாம். நோயாளியை வைக்க முடியுமா? மிஞ்சுவது தூரமும் நேரமும்தான். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கதிர் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகும். ஆக, ஊசிக்குப் பிறகு விலகிப் போவது தொழில் விதி. படுத்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? புற்றுநோய் என்ற சொல்லையே இன்னும் முழுதாக ஏற்றுக்கொள்ளாத ஒருவர், ஊசி போட்ட கையோடு எல்லோரும் வெளியே போவதைப் பார்த்தால், தன்னைத் தொடக்கூடாதவர் என்று ஒதுக்கிவிட்டார்கள் என்றே எண்ணுவார். ‘கொஞ்ச நேரம் தள்ளி நிப்போம், கேமராவில் உங்களைப் பாத்துட்டே இருப்போம், கூப்பிட்டா உடனே வருவோம்’ என்று முன்பே சொல்லிவிட்டால் அந்தக் காயம் இல்லை. இதையெல்லாம் ஊசிக்குப் பிறகு பக்கத்தில் நின்று விளக்கினால் அந்த அன்புக்கு, உடலில் படும் கதிரை அளக்க ஊழியர் அணியும் டிஎல்டி பேட்ஜில் கணக்கு ஏறும்.

அப்படி ஏறுவது சொற்பம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் என்பது வரம்பு. ஒழுங்காக நடக்கும் துறையில் ஊழியர்கள் அதற்கு வெகுகீழேயே இருப்பார்கள். ஆனால் நோயாளிக்கு இது ஒரு நாள். ஊழியருக்கு அன்றாடம், பணிக்காலம் முழுக்க. தவிர்க்கக்கூடியதைத் தவிர்க்க வேண்டும் என்பதே கதிர்ப் பாதுகாப்பின் அடிப்படை. கருணையைக் குறைத்துத் தவிர்ப்பது ஒரு வழி. அதன் வேளையை முன்னால் நகர்த்துவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் யாருக்கும் நஷ்டமில்லை.

கனமான ஆட்சேபம் நேரத்தைப் பற்றியது. மருந்து தேய்ந்துகொண்டிருக்கிறது, வெளியே பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், பேச ஏது நேரம்? ஃப்ளோரின் 18 பத்து நிமிடத்தில் சுமார் 6 சதவீதம் குறைகிறது. அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது என்று கடைசி நிமிடத்தில் தெரியவந்து ஸ்கேன் தள்ளிப்போனால், அந்த மருந்தைக் காலியான நேரத்தில் வேறொருவருக்குக் கொடுக்க முடியாமல் மொத்தமும் வீணாகலாம். வெளியூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்தவரின் ஒரு நாளும் போகும். முதல் நாளே தொலைபேசியில் கொஞ்சம், சிரிஞ்சில் மருந்தை எடுப்பதற்கு முன் மீதி என்று பேச்சைப் பிரித்துக்கொண்டால் கடிகாரத்தோடு மோத வேண்டியதில்லை.

நேரம் கிடைத்தாலும் இடம் கிடைப்பதில்லை என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா என்ற கேள்விகளைக் கட்டாயம் கேட்டாக வேண்டும். வரவேற்பு மேசைக்கு முன்னால், மாமியாரும் கணவரும் பக்கத்தில் நிற்க, ஓர் இளம்பெண்ணிடம் அதைக் கேட்டால் வரும் ‘இல்லை’யை எவ்வளவு தூரம் நம்புவது? படிவத்தில் கையெழுத்து இருக்கும், பதில் இருக்காது. கோடிக்கணக்கில் ஸ்கேனர் வாங்கும் மருத்துவமனை, கதவு மூடும் ஒரு சிறிய அறையையும், அட்டவணையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஊசிக்கு முன் பதினைந்து நிமிடத்தையும் டெக்னாலஜிஸ்ட்டுக்கு ஒதுக்கித் தர வேண்டும். கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும்.