கிணத்துக்குள்ளே ஒரு பாட்டு!

''நல்லாத்தான் இருக்கு தம்பி... ஆனா, என்ன பாடுறான்னே வெளங்கலையே! கெணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரியில்ல இருக்கு?''

அருப்புக்கோட்டையில் இருந்து போனில் அந்த அம்மா இப்படிச் சொன்னப்போ, கோயம்புத்தூர் ஹாஸ்டல் ரூமில் நானும் என் ரூம்மேட்டும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். பாடினது அவன். மிக்ஸ் பண்ணினது நான். கேட்டது அவனோட அம்மா. பாட்டு, அவன் அப்பாவைப் பற்றி.

அப்பா மினி பஸ் கண்டக்டரா இருந்தவர். போன வருஷம் தவறிட்டார். வர்ற ஞாயிற்றுக்கிழமை முதல் வருஷத் திதி. சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க, சாப்பாடு முடிஞ்சதும் ஸ்பீக்கர்ல பாட்டைப் போடணும்னு பயலுக்கு ஆசை. அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டு, கதவைச் சாத்தி, ஃபேனை ஆஃப் பண்ணி, வேர்த்து விறுவிறுக்கப் பாடினான். நமக்கு ஈ.சி.இ. மூணாவது வருஷம். பாடப் புத்தகத்தைவிட ரீப்பர் சாஃப்ட்வேரைக் குடைஞ்சதுதான் ஜாஸ்தி. 'மிக்ஸிங்கை என்கிட்ட விடு மச்சி'னு பந்தாவா வாங்கிக்கிட்டேன்.

வாங்கினவன் என்ன பண்ணினேன்? ரிவெர்பை அள்ளிக் கொட்டினேன். மெஸ்ஸில் சாம்பார் ஊத்துற அண்ணன்கூட அப்படி ஊத்த மாட்டார்!

அதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, ஹெட்போனில் கேட்டா அப்படியே சினிமாப் பாட்டு மாதிரி ஒரு பிரமாண்டம். இன்னொண்ணு, அவன் கேட்டுக்கிட்டது. ரெண்டாவது சரணத்தில் 'அப்பா'னு ஒரு வார்த்தை வருது. அந்த இடத்தில் அவன் குரல் உடையுது. ஒன்பது டேக் போனோம். ஒன்பதிலும் அதே இடத்தில் உடைஞ்சுது. ''எப்படியாவது மறைச்சிருடா''னு சொல்லிட்டு பாத்ரூம் பக்கம் போயிட்டான். குரலுக்குப் பூசுற பவுடர்தான் ரிவெர்ப். எக்கோ மாதிரி திரும்பத் திரும்பக் கேட்கிற டிலேயையும் மேலே ஒரு கோட்டிங் அடிச்சுவிட்டேன்.

விளைவு... கிணறு!

இதில் நம்ம பாஷைக்குன்னு ஒரு சிக்கல் இருக்குங்கிறது என்னோட சொந்தக் கண்டுபிடிப்பு. தமிழில் குறில், நெடில் மாறினா அர்த்தமே மாறிடும். 'கல்' இழுபட்டா 'கால்', 'படம்' இழுபட்டா 'பாடம்'. ரிவெர்ப் செய்யற வேலையே இழுக்கிறதுதான். வந்தது அவனா, அவளானு சொல்ற எழுத்து வார்த்தையோட கடைசியில் உட்கார்ந்திருக்கு. முந்தின எழுத்தோட வால் அதையும் சேர்த்து மூடிடுது. எங்க பாட்டில் 'சேலைக்குக் கீழ தூங்குது விசில்'னு ஒரு வரி. எனக்கு அர்த்தம் புரியலை, கவிதைபோலனு விட்டுட்டேன். மிக்ஸில் அந்த 'விசில்' வெறும் 'ஸ்ஸ்ஸ்'னு புகை மாதிரி பரவிக் கிடந்துச்சு.

அந்த அம்மா சொன்ன அதே புகார், 1895-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு யுனிவர்சிட்டியிலும் வந்திருக்கு. புதுசா கட்டின ஒரு லெக்சர் ஹாலில் புரொஃபசர் பேசறது யாருக்கும் புரியலை. ஒரு சத்தம் அடங்க 5 விநாடிக்கும் மேல ஆச்சாம். வாலஸ் சபைன்ங்கிற இளம் பேராசிரியர், பக்கத்து தியேட்டரில் இருந்து சீட் மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறையுதுனு அளந்தார். கட்டட ஒலியியலே அந்த மெத்தையில் இருந்துதான் பிறந்துச்சு. (எங்க லெக்சர் ஹாலில் எதிரொலி இல்லை. ஆனாலும் புரியறதில்லை. அது வேற டிபார்ட்மென்ட்!)

நானும் மெத்தை வைத்தியம் பண்ணிப் பார்த்தேன். அதாவது, ரிவெர்பைப் பாதியாக் குறைச்சேன். வார்த்தை புரிஞ்சுது. ஆனா பாட்டு செத்துப்போச்சு. கொடியில் தொங்குற லுங்கி, ஜட்டி எல்லாம் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு அது ஹாஸ்டல் ரூம் குரலாவே இருந்துச்சு.

பிரமாண்டமும் வேணும், வார்த்தையும் வேணும். எப்படி?

சின்ன வயசில் எங்க தாத்தா கூட்டிட்டுப் போன கச்சேரிகள் ஞாபகம் வந்துச்சு. பாடகர் பாடும்போது பக்கத்தில் வயலின்காரர் அடக்கி வாசிப்பார். பாடகர் மூச்சு வாங்கினா, அந்த இடைவெளியில் வில்லை அழுத்தி ஒரு இழுப்பு இழுப்பார். மறுபடி குரல் வந்ததும் பவ்யமா ஒதுங்கிடுவார். (கல்யாணத்தில் கெட்டிமேளம் இதுக்கு நேர் எதிர். அது எல்லாரையும் அமுக்கத்தான் வருது!) ரிவெர்புக்கு அந்த வயலின்காரரோட மரியாதையைச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் பேர்தான் சைட்செயின் டக்கிங். டக்குனா வாத்துனு நினைச்சிட்டிருந்தவன் நான். இங்கே தலையைக் குனியறதுனு அர்த்தமாம். ரேடியோவில் ஆர்.ஜே. வாயைத் திறந்ததும் பின்னாடி பாட்டு தானா இறங்குதே, அதுவும் இதே டெக்னிக்தான். 1985-ல் வந்த டி.சி. 2290-ங்கிற டிலே மெஷினிலேயே இந்த வசதி இருந்திருக்கு.

வேலை இவ்வளவுதான். ரிவெர்பைத் தனி ட்ராக்கில் வைக்கணும். அதே ட்ராக்கில் ஒரு கம்ப்ரஸர். கம்ப்ரஸர் சாதாரணமா தன் வழியாப் போற சத்தத்தைப் பார்த்துத்தான் அமுக்கும். நாம அதோட காதை மட்டும் பிடிச்சுத் திருப்பி, 'நீ குரலைக் கேளு, ரிவெர்பை அமுக்கு'னு சொல்லணும். ரீப்பரில் குரலை ரிவெர்ப் ட்ராக்கோட 3, 4-வது சேனலுக்கு இன்னொரு கிளை அனுப்பினா, அதுதான் அந்தக் காது.

முதல் நாள் ராத்திரி முழுக்க ஒண்ணுமே நடக்கலை. கம்ப்ரஸர் முள் ஆடுது, கிணறு மட்டும் அப்படியே இருக்கு. விடியக்காலை 3 மணிக்குத்தான் பல்பு எரிஞ்சுது. கம்ப்ரஸரை ரிவெர்புக்கு முன்னாடி வெச்சுத் தொலைச்சிருக்கேன்! ரிவெர்புக்குள்ளே போறதைக் குறைச்சு என்ன பிரயோஜனம்? ஏற்கெனவே கிளம்பின வால் பாட்டுக்கு ஆடிட்டுத்தானே இருக்கும். கம்ப்ரஸரைப் பின்னாடி தள்ளினேன். கிணத்துல இருந்து ஆளு வெளியே வந்தான்!

அப்புறம் எல்லாம் ரிலீஸ் டைமோட சண்டைதான். குரல் நின்னதும் ரிவெர்ப் எவ்வளவு நேரத்தில் பழைய அளவுக்கு எழுந்து வரணும்கிற கணக்கு அது. 50 மில்லி செகண்ட் வெச்சா, ஒவ்வொரு அசைக்கு நடுவிலும் எட்டி எட்டிப் பார்த்துச்சு. 1 செகண்ட் வெச்சா, அது எழுந்திருக்கும்போதே அடுத்த வரி வந்துடுச்சு. பழைய அனலாக் மெஷின்களில் இந்த நேரத்தை முடிவு பண்றது ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும். நான் அரியர் வெச்ச அதே சர்க்யூட்! கடைசியில் 250-ல் நிறுத்தினேன். குரல் வந்தா ரிவெர்ப் 6 டெசிபல் வரைக்கும் இறங்கும். டிலேக்கும் அதே வைத்தியம். நிமிஷத்துக்கு 80 தாளம், அதனால 750 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை எதிரொலி. இப்போ 'விசில்'னு அவன் முடிச்சதும், அடுத்த வரிக்கு முன்னாடி இருக்கிற இடைவெளியில் அந்த ஒரே வார்த்தை மட்டும் தூரத்தில் ரெண்டு தடவை கேட்டுச்சு.

சந்தோஷமா ரெண்டாவது சரணத்துக்கு வந்தேன். 'அப்பா'. குரல் வந்ததும் ரிவெர்ப் மரியாதையா ஒதுங்கிடுச்சு. உடைஞ்ச குரல் அப்படியே அம்மணமா நின்னுச்சு.

பவுடரைத் துடைச்சா தழும்பு தெரியத்தானே செய்யும். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் டக்கிங்கை ஆஃப் பண்ண முடியும், ரெண்டு கிளிக் வேலை. ஆனா முடிவெடுக்க நான் யாரு? ரெண்டு வெர்ஷன் பண்ணினேன். சனிக்கிழமை காலையில் அவனை எழுப்பி, ஹெட்போனை மாட்டிவிட்டேன். மூடினதை ஒரு தடவை கேட்டான். மூடாததை மூணு தடவை கேட்டான். ஹெட்போனைக் கழட்டிட்டு ரொம்ப நேரம் கட்டில் காலையே பார்த்திட்டிருந்தான்.

''இதையே அனுப்பிருடா.''

''எதை?''

''உடைஞ்சதை.''

அன்னிக்கு மதியமே ஊருக்கு பஸ் ஏறிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் ரூமுக்குத் திரும்பி, பையைக்கூட இறக்கலை, அம்மாகிட்ட இருந்து போன். ஸ்பீக்கரில் போட்டான்.

''தம்பி இருக்காப்லயா பக்கத்துல? தம்பி... நேத்து வீட்டுல கூட்டம், ஒண்ணும் பேச முடியல. அவன் பாடுறதெல்லாம் தெளிவா வெளங்குச்சுய்யா. அதுல 'விசில்'னு வருதே... அவுக விசில நான் பீரோவுக்குள்ள, சேலைக்கு அடியிலல்ல வெச்சிருந்தேன். யாருக்கும் சொல்லலையே. அத இவன் எப்பய்யா பாத்தான்?''

நான் ரூம்மேட்டைப் பார்த்தேன். அவன் பதில் சொல்லலை. எழுந்து போய் ஃபேனைப் போட்டான்.