திரைக்குள் வரவும் அனுமதி வேண்டும்



சென்ற ரமளானுக்குச் சில நாட்கள் முன்பு எங்கள் உம்மாவைத் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். சர்க்கரை நோயால் பாதத்தில் வந்த புண் ஆறாமல் ஆழமாகிவிட்டது. இரண்டாம் நாள் இரவு கட்டு மாற்ற வந்த செவிலியர், தம் சொந்தக் கைப்பேசியில் இரண்டு படங்கள் எடுத்தார். உம்மாவின் தலைத்துணி விலகியிருந்தது. புடவை முழங்கால் வரை ஏறியிருந்தது. உம்மா ஒன்றும் சொல்லாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான்" என்றார் செவிலியர். அது உண்மையே. வீட்டிலிருக்கும் மருத்துவர் புண்ணைக் கண்டு மருந்தை மாற்ற அந்தப் படம் உதவும். ஆனால் புண்ணைக் காட்ட முகம் எதற்கு?

சிகிச்சைக்காக அவ்ரத்தை வெளிப்படுத்த மார்க்கம் இடமளிக்கிறது. நிர்ப்பந்தம் எவ்வளவோ அவ்வளவே சலுகை என்பது ஃபிக்ஹு விதி. பிறர் இல்லத்தில் நுழையுமுன் அனுமதி கோருமாறு சூரா அந்நூரின் 27ஆம் வசனம் பணிக்கிறது. அந்த அனுமதி பார்வையின் பொருட்டே விதிக்கப்பட்டது என நபி (ஸல்) அவர்கள் விளக்கியதைப் புகாரியில் காண்கிறோம். நோயாளிக்குக் கட்டிலைச் சுற்றிய திரையே கதவு. சிகிச்சை அளிப்போர் உள்ளே வரலாம். கேமராவுக்கு அனுமதி தனியே கேட்கப்பட வேண்டும்.

இந்த அச்சம் வீணானதன்று. 2015இல் கேரளத்தின் பய்யன்னூர் அரசு மருத்துவமனையில் ஒரு தாயின் அறுவை மகப்பேறு கைப்பேசியில் படமாகி வாட்ஸ்அப்பில் பரவியது. ஒருமுறை பரவிய படத்தைத் திரும்பப் பெற எவராலும் இயலாது.

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. நோயாளியை அடையாளம் காட்டும் படத்தை அவர் அனுமதியின்றி மருத்துவ இதழில்கூட வெளியிடலாகாது என்கின்றன இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

நாங்கள் குரல் உயர்த்தவில்லை. படங்களை எங்கள் முன்பே அழிக்குமாறும், அழித்தவை சேரும் கோப்புறையிலிருந்தும் நீக்குமாறும் கேட்டோம். செவிலியர் மன்னிப்புக் கோரினார். உம்மாவின் சம்மதம் பெற்று, போர்வையால் மூடி, பாதத்தை மட்டும் படமெடுத்தார். மருத்துவரும் மருந்தை மாற்றினார்.

அத்துடன் முடிந்தது என்றே எண்ணினோம். மறுநாள் உம்மா மெல்லக் கேட்டார்: "அந்தப் பிள்ளையக் கேட்டீங்க. உங்கள யாரு கேக்குறது?"

உம்மா சேர்க்கப்பட்ட அன்று, கையில் ஊசியும் வாடிய முகமுமாக அவர் படுத்திருந்த படத்தை துஆ கேட்டுக் குடும்பக் குழுவில் போட்டவர்கள் நாங்களே. அதில் பல்லாவரம் முதல் துபாய் வரை அறுபதுக்கும் மேற்பட்ட உறவினர்கள் இருக்கிறார்கள். உம்மாவிடம் ஒரு சொல்கூடக் கேட்டிருக்கவில்லை.

உடனே அழிக்க முயன்றோம். எங்கள் கைப்பேசிகளில் அழிந்தது. மற்றவர்களின் கைப்பேசிகளில் அழியவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதி வேண்டினோம். துஆவுக்குப் பெயரும் நோயின் விவரமும் போதும் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

சகோதரர்களே, சகோதரிகளே, நம்மவரை மருத்துவமனையில் சேர்க்கும்போதே, கேளாமல் படமெடுக்க வேண்டாம் எனப் பணிவாகச் சொல்லிவிடுவோம். அதற்குமுன் நம் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுவோம். பிறர் மானத்தை மறைப்போரின் குறைகளை மறைக்கும் ரஹ்மான் நம் குறைகளையும் மறைத்தருள்வானாக.