தோற்ற கேமைத் திரும்பப் பார்க்கிறதில்லையா, சேர்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

2020இல் கொரோனாவுக்குப் பாடசாலை பூட்டியிருந்தபோது போனில் லீசெஸ் இறக்கி விளையாடத் தொடங்கினேன். காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. புதிதாக வருகிற எல்லோருக்கும் 1500 புள்ளியில்தான் கணக்கு ஆரம்பிக்கும். என்னுடையது ஒரே கிழமையில் 1100க்கு இறங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். மூன்று நிமிட கேம். ராணியையும் மந்திரியையும் அவசரமாக வெளியே எடுத்து, நாலாவது நகர்த்தலிலேயே மேட் பண்ணப் பார்ப்பது. தெரியாதவர் விழுவார். தெரிந்தவர் என் ராணியை விரட்டி விரட்டியே தன் காய்களை எல்லாம் வெளியே எடுத்துவிடுவார். தோற்றால் உடனே அடுத்த கேம். இஷாவுக்குப் பிறகு "ஒரே ஒரு கேம்" என்று உட்கார்ந்தால் இரவு பன்னிரண்டாகிவிடும். இறம்பொடை மழை, பனி, சிக்னல் எல்லாவற்றையும் குறை சொன்னேன். வருஷக்கணக்கில் 1200ஐத் தாண்டவில்லை.

ஒரு மழை நாள் இடைவேளையில், தரம் 9 பையன் ஒருவன் என்னோடு போர்டில் விளையாடினான். தோட்டத்துப் பிள்ளை, அம்மா கொழுந்து பறிக்கிறார். அவன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தான். கடைசியில் சிப்பாய்களும் ராஜாக்களும்தான் மிச்சம். அவனுடைய ராஜா நடுவுக்கு வந்துவிட்டது, என்னுடையது மூலையிலேயே இருந்தது. தோற்றேன்.

"எப்படி மகன்?" என்று கேட்டேன்.

"அம்மா வேலை முடிஞ்சு வந்தாத்தான் போன் கிடைக்கும் சேர். ஒரு கேம் விளையாடுவேன். மிச்ச நேரம் அதையே திரும்பப் பார்ப்பேன். நீங்க தோத்த கேமைத் திரும்பப் பார்க்கிறதில்லையா, சேர்?"

என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு பழைய கேம்களைத் திறந்தேன். அநேகமாக எல்லாவற்றிலும் பதினைந்தாவது நகர்த்தலுக்குள் ஒரு காயைக் காவல் இல்லாமல் விட்டிருக்கிறேன். எதிராளியின் கெட்டித்தனமும் இல்லை, சிக்னலும் இல்லை. தவறுகளிலிருந்து கற்றுக்கொள்ள லீசெஸில் ஒரு வசதி இருக்கிறது. நாம் பிழைவிட்ட இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தி, விடையைச் சொல்லாமல், "இதைவிட நல்ல நகர்த்தல் எது?" என்று கேட்கும்.

அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் மனம் சுட்டது. போன தவணை அதே பையன் கணிதத்தில் 38. சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவன் நான். எந்தப் படியில் சறுக்கினான் என்று ஒருநாளும் அவனை உட்காரவைத்துக் கேட்டதில்லை. என் கேமைப் போலவே அவன் விடைத்தாளையும் மூடிவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்குப் பிறகும் இரண்டு பாடவேளை விடைத்தாளுக்கே. விடையை நான் சொல்வதில்லை. பிழைவிட்ட படியை அவரவரே தேட வேண்டும். அடுத்த தவணை அவன் 53 எடுத்தான். நானும் இரவில் ஒரு பத்து நிமிட கேம்தான். அல்ஹம்துலில்லாஹ், 1390க்கு வந்திருக்கிறேன்.

அவனுக்கு மீர் சுல்தான் கானைப் பற்றிச் சொன்னேன். பஞ்சாப்காரர். முதலில் பழகியது இந்திய முறைச் சதுரங்கம். பிரிட்டனுக்குப் போய் 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சம்பியன். ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலக சம்பியன் கப்பபிளாங்காவை 65 நகர்த்தல்களில், அவசரமே படாமல் வென்றார். 1966இல் காலமானவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைத்தது 2024இல்தான்.

பட்டத்தைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. "அவர்ட கேமெல்லாம் பார்க்க ஏலுமா, சேர்?" என்றான்.

உறவுகளே, வீட்டில் சும்மா கிடக்கும் செஸ் போர்ட் இருந்தால் எங்கள் பிள்ளைகளுக்குத் தாருங்கள். காய் ஒன்றிரண்டு குறைந்தாலும் பரவாயில்லை, போத்தல் மூடி வைத்துச் சமாளிப்போம்.

அவன் இன்னும் என்னைத் தோற்கடிக்கிறான். ஆனால் இப்போது கேம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து திரும்பப் பார்க்கிறோம்.